சார்ஜர் கேபிளில் வரும் இணையம்

என் அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்தபோது, வீட்டில் சும்மா கிடந்த பத்து வருடப் பழைய மடிக்கணினியைத் துடைத்து அவளுக்குக் கொடுத்தோம். அதிலிருந்த பழைய இயங்குதளம் திணறியது. அதை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டேன். திரை வந்தது, விசைப்பலகை வேலை செய்தது, பாட்டும் கேட்டது. இணையம் மட்டும் வரவில்லை.

“மாமா, வைஃபைன்னு ஒண்ணு இருக்கிற மாதிரியே காட்டலை” என்றாள்.

அந்தக் கணினிக்குள் பதித்திருந்த வைஃபை சில்லை எழுப்ப ஒரு சிறு மென்பொருள் தேவை. புதிதாகப் போட்ட இயங்குதளத்தில் அது இல்லை. அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இறக்குவதற்கு இணையம் வேண்டும். இணையம் வருவதற்கு அந்த மென்பொருள் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை.

அவளுடைய போனின் சார்ஜர் கேபிளை எடுத்து ஒரு முனையைப் போனிலும் மறுமுனையைக் கணினியிலும் செருகினேன். போனின் அமைப்புகளுக்குள் போய் ‘யு.எஸ்.பி. டெதெரிங்’ என்பதை இயக்கினேன். நான்கைந்து நொடிகளில் திரையின் மூலையில் இணைப்புக் குறி எழுந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்: “கூடவே பிறந்த வைஃபையை இதுக்குத் தெரியலை. எங்கிருந்தோ வந்த என் போனை மட்டும் எப்படி மாமா தெரிஞ்சுது?”

அருமையான கேள்வி. இந்தக் கட்டுரை முழுவதும் அதற்கான பதில்தான்.

நான்கு கம்பிகள்

‘டெதர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மாட்டைக் கட்டும் கயிறு என்று பொருள். நம் ஊரில் தும்பு என்போம். போனையும் கணினியையும் பிணைக்கும் தும்பு இந்தக் கேபிள்.

சாதாரண யு.எஸ்.பி. 2.0 கேபிளை அறுத்துப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பிகள் இருக்கும். வழக்கமாகச் சிவப்பில் 5 வோல்ட் மின்சாரம் போகும். கறுப்பு, அது திரும்பி வரும் தரைக்கம்பி. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கானவை. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கியிருப்பார்கள். ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். கணினி தனித்தனியாக எந்தக் கம்பியையும் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. பக்கத்தில் ஓடும் மிக்ஸியோ மோட்டாரோ கிளப்பும் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். கழித்துப் பார்த்தால் அது காணாமல் போய்விடும். விலை மலிந்த மெல்லிய கம்பியில் நொடிக்கு 48 கோடித் துடிப்புகள் தடுமாறாமல் போவது இந்த எளிய கழித்தல் கணக்கால்தான்.

இங்கேயே முதல் தடங்கலும் இருக்கிறது. மலிவான சில கேபிள்களில் சிவப்பும் கறுப்பும் மட்டும் இருக்கும், பச்சையும் வெள்ளையும் இருக்காது. அவை சார்ஜ் ஏற்றும். ஒரு சொல்லைக்கூடக் கடத்தாது. டெதெரிங் பொத்தான் மங்கலாகவே கிடந்து அழுத்தவிடாமல் இருந்தால் பலர் போனை அணைத்துப் போடுகிறார்கள், மென்பொருளைத் தேடுகிறார்கள், இயங்குதளத்தையே மாற்றுகிறார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை அது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

“யார் நீ?”

கேபிளைச் செருகிய கணத்தில் ஒரு விசாரணை தொடங்குகிறது. யு.எஸ்.பி. உலகில் கணினிதான் தலைமை. கணினி கேட்டால்தான் மறுமுனை பேசலாம்; தானாக வாய் திறக்கக் கூடாது. போன் தன் பக்கத்துத் தகவல் கம்பியில் ஒரு சிறு மின்தடையின் வழியாக அழுத்தத்தை உயர்த்திக் காட்டுகிறது. வாசலில் ஆள் நிற்பதற்கான அடையாளம் அது. கணினி உடனே அதை மீட்டமைத்து, ‘நீ யார்?’ என்று கேட்கிறது.

போன் தரும் முதல் பதில் 18 பைட் மட்டுமே. தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண், எந்த வகைக் கருவி என்ற விவரம் எல்லாம் அதற்குள் அடக்கம். பிறகு கணினி அதற்கு 1 முதல் 127 வரைக்குள் ஓர் எண்ணைப் பெயராக வைக்கிறது. விரிவான விவரங்களைக் கேட்டு வாங்குகிறது. ‘இந்த வகைக் கருவியோடு பேச எனக்குத் தெரியுமா?’ என்று தன்னிடம் உள்ள மென்பொருள்களைப் புரட்டிப் பார்க்கிறது.

டெதெரிங்கை இயக்கும்போது விண்டோஸ் கணினியில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கருவியைப் பிடுங்கினால் வரும் ஓசையும், செருகினால் வரும் ஓசையும் அடுத்தடுத்துக் கேட்கும். நாம் கேபிளைத் தொட்டிருக்கவே மாட்டோம். போன்தான் மின்னளவில் தன்னை ஒருமுறை துண்டித்துக்கொண்டு, மீண்டும் வாசலுக்கு வந்து நிற்கிறது. இந்த முறை ‘யார் நீ?’ என்ற கேள்விக்கு அது சொல்லும் பதில் வேறு. சற்று முன்புவரை ‘படங்கள் வைத்திருக்கும் கருவி’ என்றது, இப்போது ‘நான் ஒரு நெட்வொர்க் கார்டு’ என்கிறது.

மேசைக் கணினியின் பின்புறம் நீலக் கேபிள் செருகுவோமே, அந்த ஈதர்நெட் அட்டைதான் நெட்வொர்க் கார்டு. போன் தன்னைப் போன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டால், ஒவ்வொரு நிறுவனத்தின் ஒவ்வொரு மாடலுக்கும் கணினி தனித்தனி மென்பொருள் வைத்திருக்க வேண்டியிருக்கும். ‘உனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வகை நான்’ என்று சொல்லிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. என் அக்கா மகளின் கேள்விக்குப் பாதி விடை இது.

ஈதர்நெட்டின் மொழி

ஈதர்நெட் 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் உருவாக்கிய முறை. அனுப்ப வேண்டிய தகவலை அதிகபட்சம் 1,500 பைட் கொள்ளும் பொட்டலங்களாகக் கட்டி, மேலே அனுப்புநர், பெறுநர் முகவரிகளை எழுதி அனுப்புவதே அதன் சாரம். அரை நூற்றாண்டாக உலகத்தின் கணினிகள் எல்லாம் இந்தப் பொட்டல முறைக்குப் பழகியவை.

டெதெரிங்கின்போது யு.எஸ்.பி. கேபிளில் ஓடுவதும் இதே பொட்டலங்கள்தான். ஈதர்நெட் பொட்டலத்தை யு.எஸ்.பி. உறைக்குள் போட்டு அனுப்புகிறார்கள். யு.எஸ்.பி. 2.0 ஒரு தடவைக்கு 512 பைட்டுக்கு மேல் ஏற்காது என்பதால், ஒரு முழுப் பொட்டலம் மூன்று நான்கு துண்டுகளாக நறுக்கப்பட்டு, அந்தப் பக்கம் போய் ஒட்டப்படுகிறது.

எப்படி உறையில் போடுவது என்பதில் இரண்டு மூன்று வழக்கங்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் வகுத்த ஆர்.என்.டி.ஐ.எஸ். என்ற முறையை ஆண்ட்ராய்டு போன்கள் நெடுங்காலம் கையாண்டன. அதில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 44 பைட் தலைப்பு கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். விண்டோஸும் லினக்ஸும் அதைப் புரிந்துகொள்ளும்; ஆப்பிளின் மேக் கணினிகளுக்கு அது தெரியாது. ஆண்ட்ராய்டு போனை மேக்கில் செருகி ஏமாந்தவர்கள் பலர் இருப்பதற்குக் காரணம் இதுதான். யு.எஸ்.பி. தரங்களைப் பேணும் அமைப்பு 2010-இல் என்.சி.எம். என்ற பொது முறையை வெளியிட்டது. இதில் பல பொட்டலங்களை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பலாம். உறை போடும் வேலை குறையும், வேகம் கூடும். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் மெல்ல இதற்கு மாறிவருகின்றன. இந்த முறையை மேக்கும் அறியும்.

மோடமாக இருந்த போன், ரவுட்டரான கதை

கேபிள் வழியாகப் போனிலிருந்து இணையம் எடுப்பது இன்று நேற்று வந்ததல்ல. 2000-களின் நடுவில் பொத்தான் போனுக்கு டேட்டா கேபிள் வாங்கி, கணினியில் அந்தப் போனுக்கான மென்பொருளை நிறுவி, ஜி.பி.ஆர்.எஸ். இணைப்பு எடுத்தவர்களுக்கு *99# என்ற எண் நினைவிருக்கும். கணினியில் அந்த எண்ணை ‘டயல்’ செய்தால்தான் இணையம் வரும். தொலைபேசி இணைப்பில் கீச்சிட்ட பழைய மோடம்களுக்காக, 1981-இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் புழக்கத்தில் விட்ட கட்டளைகளையே கணினி அந்தப் போனுக்கும் அனுப்பியது. போனும் தன்னை ஒரு மோடம் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டது.

அன்றைய போனுக்கு அவ்வளவுதான் வேலை. கணினி கொடுத்ததை வானலையாக மாற்றும். வானலையில் வந்ததைக் கணினியிடம் கொடுக்கும். இணைய முகவரி கணினிக்குத்தான் வரும். கணினி இணையத்தில் இருக்கும்போது போனில் தனியாக இணையம் பார்ப்பது பொதுவாக முடியாது.

ஸ்மார்ட்போன் வந்ததும் நிலைமை தலைகீழானது. ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பதும் லினக்ஸ்தான். அது தனக்கென்று இணைய முகவரி வைத்திருக்கும் முழுக் கணினி. 2010-இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2-இல் கூகுள் டெதெரிங்கைச் சேர்த்தபோது, போன் செய்த வேலை கடத்துவது மட்டுமல்ல, பகிர்ந்து கொடுப்பது. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டர் செய்யும் வேலையை உள்ளங்கைக் கருவி செய்யத் தொடங்கியது. அதனால்தான் இன்று கணினி பதிவிறக்கம் செய்துகொண்டிருக்கும்போதே போனில் செய்தியும் வருகிறது.

இதில் பலர் அறியாத ஒரு வசதியும் உண்டு. ஆண்ட்ராய்டு போன் வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால், அந்த வைஃபை இணையத்தையே கேபிள் வழியாகக் கணினிக்குத் தரும். வைஃபை இல்லாத மேசைக் கணினிக்குப் போனே வைஃபை அட்டையாகிவிடுகிறது. மொபைல் டேட்டா ஒரு துளியும் செலவாகாது.

ஒரே முகவரி, இரண்டு பேர்

கணினி போனை நெட்வொர்க் கார்டாக ஏற்றுக்கொண்டதும் அந்தக் கம்பியில் கூவிக் கேட்கிறது: ‘எனக்கு ஒரு முகவரி தருவார் யாராவது இருக்கிறீர்களா?’ போன் பதில் சொல்கிறது. பல ஆண்டுகள் ஆண்ட்ராய்டு போன்கள் 192.168.42 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்துவந்தன, ஐபோன் 172.20.10 என்று தொடங்குவதைக் கொடுக்கும். டி.எச்.சி.பி. என்று பெயர்கொண்ட இந்தக் கேள்வி பதில் முறையில்தான் ஆஸ்பத்திரியிலும் ரயில் நிலையத்திலும் வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவியும் முகவரி பெறுகிறது.

ஆனால் இந்த முகவரி வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். வெளி இணையத்தில் யாருக்கும் தெரியாது. அப்படியானால் கணினி கேட்ட பக்கம் எப்படிச் சரியாக அதனிடம் திரும்பி வருகிறது?

ஒரு மாணவர் விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா மாணவர்களின் கடிதங்களும் விடுதியின் ஒரே முகவரியிலிருந்து போகின்றன. காப்பாளர் ஒவ்வொரு கடிதத்தின் மீதும் ஓர் எண்ணைப் போட்டு, ‘இந்த எண், இந்த அறைப் பையன்’ என்று நோட்டில் குறித்து வைக்கிறார். பதில் கடிதம் அதே எண்ணோடு வந்ததும் நோட்டைப் பார்த்து உரிய அறையில் சேர்த்துவிடுகிறார். போன் அந்தக் காப்பாளர். கணினியிலிருந்து வரும் ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதுகிறது. 65,536 போர்ட் எண்களில் ஒன்றைக் கொடுத்து நினைவகத்தில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் மாற்றி எழுதிக் கேபிளில் இறக்குகிறது. லினக்ஸில் இந்த வேலைக்கு வைத்திருக்கும் கட்டளையின் பெயருக்கு ‘மாறுவேடம்’ என்றே பொருள்.

முகவரி மாற்றும் இந்த உத்தி 1994-இல் முன்மொழியப்பட்டது. பழைய இணைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான் சாத்தியம். உலகளாவிய மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. எனவே மொபைல் நிறுவனங்களும் பல வாடிக்கையாளர்களை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைத்து இதே வேலையைச் செய்கின்றன. விடுதிக்குள் ஒரு விடுதி. கணினி அனுப்பும் ஒரு பொட்டலம் போனில் ஒருமுறை வேடம் மாறி, நிறுவனத்தின் கருவியில் இன்னொருமுறை மாறி உலகத்துக்குப் போகலாம். முகவரிப் பஞ்சமே இல்லாத ஐ.பி.வி6 முறை பரவப் பரவ இந்த மாற்று வேலை குறையும்.

போன் ரவுட்டர்தான் என்பதற்குப் பொட்டலத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. ஒவ்வொரு பொட்டலமும் ஓர் ஆயுள் எண்ணோடு புறப்படும். லினக்ஸில் 64, விண்டோஸில் 128. கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பொட்டலம் கைவிடப்படும். வழி தவறிய பொட்டலம் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. போனிலிருந்தே புறப்பட்ட பொட்டலம் 64-ஓடு வெளியே வரும். அதன் வழியாகக் கணினியிலிருந்து வந்தது 63 அல்லது 127-ஓடு வரும். டெதெரிங்குக்குத் தனிக் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் அதைக் கண்டுபிடிக்க இந்த ஒன்றின் குறைவையும் ஒரு துப்பாக வைத்துக்கொள்ள முடியும்.

கேபிளா, ஹாட்ஸ்பாட்டா?

கேபிள் இல்லாமல் ஹாட்ஸ்பாட் போட்டாலும் இணையம் வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் அப்போது போன் ஒரு பக்கம் கோபுரத்தோடும் மறுபக்கம் வைஃபை அலையில் கணினியோடும் பேச வேண்டும். மின்கலம் வேகமாக இறங்கும், போன் சூடேறும். பல வீடுகளின் வைஃபை நெருங்கிக் கிடக்கும் அடுக்குமாடியில் அலைகள் ஒன்றையொன்று இடிக்கவும் செய்யும். கேபிளில் வைஃபை அலைக்கு வேலையே இல்லை. கணினி போனுக்கு மின்சாரமும் கொடுக்கிறது. யு.எஸ்.பி. 2.0 துளை வழக்கமாகத் தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர்தான். கடும் பதிவிறக்கத்தின்போது மின்கலம் நிறையாவிட்டாலும், இறங்கும் வேகம் நிச்சயம் குறையும்.

வேகத்துக்கும் குறைவில்லை. யு.எஸ்.பி. 2.0-இன் ஏட்டுக் கணக்கு நொடிக்கு 480 மெகாபிட். உறை, முகவரி, கேள்வி பதில் எல்லாம் போக நடைமுறையில் 300-க்கு அருகில் நிற்கும். சாதாரண 4ஜி அதைத் தொடுவதே அரிது. நல்ல 5ஜி கிடைக்கும் இடத்தில்தான் கேபிள் குறுக்கே நிற்கும். டைப்-சி துளை இருந்தாலே வேகம் என்று நம்ப வேண்டாம். அது துளையின் வடிவம் மட்டுமே. டைப்-சி துளைக்குப் பின்னால் யு.எஸ்.பி. 2.0-ஐயே வைத்திருக்கும் போன்கள் ஏராளம்.

மின்வெட்டின்போது இந்தக் கேபிளின் அருமை இன்னும் புரியும். மின்சாரம் போனால் வீட்டு ரவுட்டர் அணைந்துவிடும். மொபைல் கோபுரத்துக்கு மின்கலமோ ஜெனரேட்டரோ இருக்கும். மடிக்கணினிக்குள் மின்கலம் இருக்கிறது. போன் அதிலிருந்தே குடித்துக்கொள்கிறது. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளில் கரண்ட் போன வீட்டில், ஒரு பிள்ளையின் படிப்பையே இந்தக் கேபிள் காப்பாற்றலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. கேபிள் வழி வருவதை விண்டோஸ் ஈதர்நெட் என்றே நம்புகிறது. ஈதர்நெட் என்றால் அளவில்லாத இணையம் என்று எண்ணி, பெரிய புதுப்பிப்புகளை எல்லாம் இறக்கத் தொடங்கிவிடும். நாளுக்கு 1.5 ஜி.பி., 2 ஜி.பி. என்று அளந்து வாங்கும் நமக்கு அது அரை மணி நேரத்தில் காலியாகலாம். இணைப்பின் அமைப்புகளில் ‘அளவிடப்படும் இணைப்பு’ என்பதை முதல் நாளே இயக்கி வையுங்கள். அதேபோல் முன்பின் தெரியாதவர்களின் கணினியில் போனைச் செருக நேர்ந்தால், சார்ஜுக்கு மட்டும் என்று வைத்துவிடுங்கள். கோப்புகளைப் பார்க்கவும் அதே கம்பிதான் வழி.

முன்பே பேசி வைத்தவர்கள்

யு.எஸ்.பி. 1996 ஜனவரியில் வெளியானது. அதற்கு முன் பிரிண்டருக்கு ஒரு துளை, மவுஸுக்கு ஒரு துளை, மோடமுக்கு வேறொரு துளை. போட்டியாளர்களையும் உள்ளடக்கிய ஏழு நிறுவனங்கள் உட்கார்ந்து பேசி ஒரே துளையை ஒப்புக்கொண்டன. அந்த முயற்சியை இன்டெலில் முன்னெடுத்தவர்களில் ஒருவர் அஜய் பட். வடோதராவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அவர்கள் துளையின் வடிவத்தோடு நிறுத்தவில்லை. கருவிகளை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையும் எப்படித் தன்னை அறிமுகப்படுத்த வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்றும் தரங்கள் எழுதப்பட்டன. அவற்றை எவரும் படிக்கலாம், எவரும் பின்பற்றலாம்.

அந்த நாளில் ஸ்மார்ட்போன் என்ற பொருளே மக்கள் கையில் இல்லை. ஆனாலும் பின்னால் வந்த போன் அந்த வரிசையில் தன் இடத்தைக் கண்டுகொண்டது. வைஃபை சில்லின் நிலை வேறு. அதை எழுப்பும் மென்பொருளைச் செய்தவர் தன்னிடமே வைத்துக்கொண்டார். தன் விருப்பப்படியே கொடுத்தார். அதனால் அது பத்து ஆண்டுகள் அந்தக் கணினியின் வயிற்றுக்குள் இருந்தும் அந்நியமாகவே இருந்தது.

அன்று கேபிள் வழியே வந்த இணையத்தில் அந்த மென்பொருளை இறக்கினோம். கணினியை அணைத்துப் போட்டதும் வைஃபை விழித்துக்கொண்டது. அக்கா மகளிடம் அவளுடைய கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “அந்தச் சில்லு பேசறது அதைச் செஞ்சவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச பாஷை. உன் போன் பேசினது எல்லாரும் சேர்ந்து முன்னாடியே எழுதி வெச்ச பாஷை. அதான் பார்த்ததும் புரிஞ்சுக்கிச்சு.”

அவள் கேபிளைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சார்ஜருக்கு என்று வாங்கியதுதான். விடுதியில் எவருடைய கணினிக்காவது இணையம் இல்லாமல் போனால் எடுத்துக் கொடுப்பாள்.